மானுக்கு எத்தனை நொடி?

மயக்க ஊசி கைக்கு அடக்கமான பொருள். பேனா நீளம் இருக்கும். பின்னால் ரோஜா நிறக் குஞ்சம், முன்னால் தடித்த ஊசி. ஊசியின் முனை அடைபட்டிருக்கும். மருந்து வரும் துளை பக்கவாட்டில் இருக்கிறது. அதை ஒரு சின்ன சிலிக்கான் உறை மூடிக்கொண்டிருக்கிறது. ஊசி மானின் தொடையில் இறங்கும்போது தோல் அந்த உறையைப் பின்னுக்குத் தள்ளிவிடும். துளை திறக்கும். குழாயின் பின்பாதியில் முன்கூட்டியே அடைத்து வைத்த காற்று பிஸ்டனை அழுத்த, மருந்து தசைக்குள் பீறிட்டு இறங்கும். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் வேலை.

வண்டலூர் காட்டோரத்திலோ, கிண்டிப் பூங்காவின் மதிலுக்கு வெளியிலோ, பாதி கட்டி நிற்கும் ஏதோ ஒரு அபார்ட்மென்ட்டின் தரைத்தளத்திலோ ஒரு புள்ளிமான் வழி தவறி மாட்டிக்கொண்டால், கடைசி வழியாகக் கால்நடை மருத்துவர் கையில் எடுப்பது இந்த ஊசியைத்தான். பெரும்பாலும் தெருநாய்கள் துரத்தியிருக்கும். சுற்றிலும் கூட்டம் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கும். மருத்துவர் ஒரு முழங்காலை ஊன்றி, துப்பாக்கியின் அழுத்தமானியைப் பார்த்தபடி ஒரு திருகைத் திருப்புவார். இருபது மீட்டருக்கு ஓர் அழுத்தம், முப்பது மீட்டருக்கு வேறு. அழுத்தம் குறைந்தால் ஊசி மானுக்கு முன்னால் மண்ணில் குத்தி நிற்கும். கூடிப்போனால் எலும்பையே உடைத்துவிடும்.

எவ்வளவு போதும்? அந்தத் திருகின்மேல் விரல் வைத்திருப்பவர் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. மான் வேட்டைக்குச் சட்டம் இடம் தரும் நாடுகளில், ரைபிளுக்கு எந்தத் தோட்டா என்று முடிவு செய்கிறவர் கேட்க வேண்டிய கேள்வியும் இதேதான். ஒருவர் உயிரைக் காக்க வந்தவர், மற்றவர் உயிரை எடுக்க வந்தவர். ஆனால் மானின் பக்கம் போய் நின்று பார்த்தால் இருவரின் திறமைக்கும் ஒரே அளவுகோல்தான்: அடிபட்ட கணத்திலிருந்து நினைவு போகும் வரைக்கும் எத்தனை நேரம்? நல்ல தோட்டா, சரியான இடத்தில் பட்டால், சில நொடிகள். மயக்க ஊசி, சில நிமிடங்கள். நாட்டுத் துப்பாக்கியின் சிதறு குண்டு வயிற்றில் பட்டால், நாட்கணக்கு.

இந்தக் கணக்கைப் போட முதலில் தோட்டாவின் வேகம் தெரிய வேண்டும். அதை முதன்முதலில் அளந்து காட்டியவரின் வாழ்க்கை நம் கரையில்தான் முடிந்தது. தாம்பரத்திலிருந்து தெற்கே போனால் கடலூர். அங்கே தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிட வந்த ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ், 1751 ஜூலையில் அந்தக் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால், 1742இல், பீரங்கிக் கலையைப் பற்றி அவர் எழுதிய நூல்தான் இன்றைய எறிபொருளியலின் அடிக்கல். மாபெரும் கணித மேதை ஆய்லர் 1745இல் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்துத் தம் விளக்கங்களையும் சேர்த்தார்.

ராபின்ஸ் செய்த கருவி குழந்தை விளையாட்டைப் போல எளிமையானது. கனமான மரக்கட்டை ஒன்றை ஊஞ்சல்போலத் தொங்கவிட்டார். அடியில் ஒரு நாடா. குண்டு கட்டையில் புதைந்ததும் கட்டை பின்னால் ஆடும். ஆடிய தூரத்துக்கு நாடாவும் இழுபடும். நாடா எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து, குண்டின் எடையையும் கட்டையின் எடையையும் வைத்துக் கணக்குப் போட்டால் குண்டு வந்த வேகம் கிடைத்துவிடும். அதற்கு முன்னால் துப்பாக்கிக் குண்டின் வேகத்தைப் பற்றி எல்லாரும் உத்தேசமாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். உருண்டைக் குண்டைக் காற்று எவ்வளவு மூர்க்கமாகத் தடுக்கிறது என்பதையும் அவர்தான் அளந்து சொன்னார். குழலுக்குள் சுருள் வரி வெட்டிய துப்பாக்கிதான், அதாவது ரைபிள்தான், இனி வெல்லும் என்றும் எழுதினார்.

ராபின்ஸின் மரக்கட்டை இருந்த இடத்தில் ஒரு மானை நிறுத்திப் பார்க்கலாம்.

ஜிம் கார்பெட்டின் புகழ்பெற்ற ரைபிளை எடுத்துக்கொள்வோம். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907இல் அவருக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி 0.275 அது. அதன் தோட்டா 7 மில்லிமீட்டர் வகை. 9 கிராம் எடையுள்ள தோட்டா நொடிக்கு 820 மீட்டர் வேகத்தில் கிளம்புவதாகக் கொண்டால் அதன் உந்தம், அதாவது கிலோவில் எடையை வேகத்தால் பெருக்கினால் வருவது, 7.4. எதிரே 70 கிலோ எடையுள்ள ஆண் புள்ளிமான். தோட்டா முழுவதும் உடம்புக்குள்ளேயே நின்றுவிட்டாலும், அந்த உந்தம் மானைத் தள்ளும் வேகம் நொடிக்குப் பத்து சென்டிமீட்டர்தான். ஒரு குழந்தை தோளில் கை வைத்துத் தள்ளுவது போல. சினிமாவில் குண்டு பட்டவர் பின்னால் தூக்கி எறியப்படுகிறாரே, அது இயற்பியலில் நடக்காது. தோட்டாவின் உந்தம் மானைச் சாய்ப்பதில்லை.

சரி, ஆற்றலாவது? அதே தோட்டாவின் இயக்க ஆற்றல் சுமார் 3,000 ஜூல். கேட்க மலைப்பாக இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஐந்து மீட்டர் உயரம் ஏறச் செலவிடும் ஆற்றலும் அதே 3,000 ஜூல்தான். தினம் காலையில் ஆயிரக்கணக்கானோர் அதைச் செலவழித்துவிட்டுத்தான் மின்சார ரயிலைப் பிடிக்கிறார்கள். ஆற்றலின் அளவு மட்டுமே எதையும் கொல்வதில்லை. எங்கே, எவ்வளவு ஆழத்தில், எந்தத் திசுவில் அது செலவாகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காலிபர் என்ற சொல் இங்கேதான் பலரைக் குழப்புகிறது. காலிபர் என்பது குழலின் உள்விட்டம், அவ்வளவுதான். 0.22 அங்குலக் குழலிலிருந்து வரும் இரண்டு தோட்டாக்களை எடுத்துப் பாருங்கள். பயிற்சிக் கூடத்தில் மாணவர்கள் சுடும் 0.22 தோட்டா 2.6 கிராம், ஆற்றல் 140 ஜூல். ராணுவங்கள் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்த 0.223 தோட்டா 3.6 கிராம்தான், விட்டத்திலும் பெயருக்குத்தான் வித்தியாசம். ஆனால் ஆற்றல் 1,700 ஜூலைத் தாண்டும். விட்டத்தை மட்டும் சொல்லி இது மானுக்குப் போதும், போதாது என்று பேசுவது, செருப்பின் அளவைச் சொல்லி ஆளின் உயரத்தைச் சொல்வதைப் போன்றது.

மானின் உடம்புக்கு வருவோம். புள்ளிமானின் இதயம் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அதைச் சுற்றி இரண்டு நுரையீரல்கள். பக்கவாட்டில் நிற்கும் மானில் இந்தப் பகுதி ஏறக்குறைய ஒரு சின்ன டிபன் தட்டின் அளவு, பதினைந்து இருபது சென்டிமீட்டர் அகலம். தோட்டா அதன் குறுக்கே போனால் ரத்த அழுத்தம் சரிகிறது. மூளைக்கு ரத்தம் போவது நிற்கிறது. ஆனால் மூளையில் ஏற்கெனவே இருக்கும் ஆக்ஸிஜன் இன்னும் பத்துப் பதினைந்து நொடிக்குத் தாங்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் மான் ஆறு நொடியில் நூறு மீட்டர் கடந்துவிடும். இதயம் கிழிந்த மான்கூட ஓடுவதற்குக் காரணம் இதுதான். பழைய வேட்டைக்காரர்கள் அதைத் தைரியம் என்றும் பிடிவாதம் என்றும் எழுதி வைத்தார்கள். அது மூளையில் மிச்சம் இருந்த ஆக்ஸிஜன்.

தட்டுக்கு ஒரு சாண் பின்னால் பட்டால் வயிறு. அங்கே பட்ட மான் சாகும். ஆனால் உடனே சாகாது. இரைப்பையில் இருப்பது உடற்குழிக்குள் கொட்டி, சீழ் பிடித்து, மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ அனுபவித்துச் சாகும். புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் மானை யாரும் கண்டுபிடிப்பதுகூட இல்லை.

தோட்டா உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை வெளியிலிருந்து பார்க்க முடியாது என்பதால், அறிவியலாளர்கள் உடம்புக்குப் பதிலாக ஜெலட்டினைப் பயன்படுத்துகிறார்கள். தைராய்டு ஆராய்ச்சிக்காக 1909இல் நோபல் பரிசு பெற்ற சுவிஸ் அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர், அதற்கும் முன்னால் ஜெலட்டினிலும் சோப்புக் கட்டிகளிலும் சுட்டுப் பார்த்துக் குண்டுக் காயங்களை ஆராய்ந்தவர். வியட்நாம் போரில் காயம்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்த அமெரிக்க ராணுவ மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர், இந்த முறையை ஒழுங்குபடுத்தினார். பத்து சதவீத ஜெலட்டின், 4 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி. நோன்பு திறக்கும்போது பரிமாறும் கடல்பாசியை ஒரு பெரிய கட்டியாக நினைத்துக்கொண்டால் அதன் தோற்றம் பிடிபடும். உள்ளே நடப்பது கண்ணாடிபோலத் தெரியும். தோட்டா போன வழியில் திசு நசுங்கி ஒரு துவாரம்; அது நிலைத்துவிடும். அதைச் சுற்றி ஒரு கணம் பலூன்போல விரிந்து மறுபடி சுருங்கும் குழிவு. நுரையீரல் பஞ்சுபோல இருப்பதால் இந்த விரிவைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். கல்லீரல் தாங்காது, வெடித்துவிடும்.

இங்கே இந்தியாவில் பிறந்த ஒரு தோட்டாவைச் சொல்லியாக வேண்டும். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் படைக்கலச் சாலையில், 1890களில், கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே 0.303 தோட்டாவின் நுனியில் இருந்த உலோக உறையை நீக்கி, ஈயம் வெளியே தெரியும்படி செய்தார். உடம்பில் பட்டதும் அந்த மெத்தென்ற நுனி காளான்போல விரியும். துவாரம் பெரிதாகும். மனிதர்மேல் இதைப் பயன்படுத்துவது கொடுமை என்று 1899இல் ஹேக் மாநாடு இதற்குத் தடை போட்டது. இங்கிலாந்தின் மான் சட்டமோ, மானைச் சுட இப்படி விரியும் தோட்டாவைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. முதலில் கேட்கும்போது முரணாகத்தான் தெரியும். போரில் நோக்கம் எதிரியைச் சண்டையிலிருந்து விலக்குவது. காயம்பட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓட ஆம்புலன்ஸ் இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது. காட்டில் மானுக்கு அப்படி யாரும் இல்லை. முழு உறை போட்ட தோட்டா மெல்லிய துவாரம் போட்டுவிட்டு மறுபக்கம் போய்விட்டால், அந்த மான் தன் காயத்தோடு தனியாகக் கிடந்து சாக வேண்டியதுதான்.

ஒரே காலிபர், இரண்டு தோட்டா, இரண்டு வேலை. இதற்கு இன்னொரு சாட்சி ‘கரமோஜோ’ பெல் என்று அழைக்கப்பட்ட ஸ்காட்லாந்துக்காரர். ஆப்பிரிக்காவில் தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர்; பெரும்பாலானவற்றை கார்பெட்டுடைய அதே 7 மில்லிமீட்டர் வகைத் தோட்டாவால். அவர் செய்ததைப் பெருமையாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சின்னக் குழலால் அது எப்படி முடிந்தது என்பதில் பாடம் இருக்கிறது. யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, மூளை எங்கே இருக்கிறது என்று முதலில் படித்துக்கொண்டார். விரியாத, நேராக ஆழம் போகும் முழு உறைத் தோட்டாவையே பயன்படுத்தினார். அதே முழு உறைத் தோட்டாவை மானுக்குப் பயன்படுத்தினால் தவறு.

பெரிய குழலே நல்லது என்று நினைப்பவர்களும் உண்டு. பெங்களூரைச் சேர்ந்த கென்னத் ஆண்டர்சன், தர்மபுரி, சேலம் காடுகளில் புலிகளையும் சிறுத்தைகளையும் எதிர்கொண்டபோது தோளில் வைத்திருந்தது வின்செஸ்டர் 0.405. பத்தொன்பது கிராம் தோட்டா, 4,300 ஜூல். பாய்ந்து வரும் ஆட்கொல்லிக்கு முன்னால் அதன் அவசியம் புரிகிறது. ஆனால் கனத்த தோட்டாவுக்குக் கனத்த பின்னுதைப்பு. தோள் வலிக்கப் போகிறது என்று தெரிந்த விரல் விசையை இழுப்பதற்கு முன்பே உடம்பு சுருங்கிவிடும். குறி டிபன் தட்டிலிருந்து விலகி வயிற்றுக்குப் போகும். தன் கையால் நிதானமாகச் சுட முடிகிற துப்பாக்கியே மானுக்கு நல்லது.

நார்வேயில் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். மான் வேட்டைக்குப் போகிறவர் ஒவ்வோர் ஆண்டும் குறிபார்த்துச் சுடும் தேர்வில் தேற வேண்டும். அடிபட்டு ஓடிய மானை மோப்பம் பிடித்துத் தேடும் பயிற்சி பெற்ற நாய்க்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை கையையும் கண்ணையும் சோதிப்பது, தோட்டாவின் அளவைச் சட்டத்தில் எழுதுவதைவிட மானுக்கு அதிகம் உதவும்.

அளவை எழுதி வைத்த சட்டங்களும் உண்டு. அவற்றில் நமக்கு மிக நெருக்கமானது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இருக்கிறது. நம் கடமான் 1860களிலேயே அங்கே கொண்டுபோய் விடப்பட்டது. இன்று விக்டோரியாவின் மலைக்காடுகளில் பெருகிக் கிடக்கிறது. குவீன்ஸ்லாந்தில் 1886இல் விடப்பட்ட புள்ளிமான் இன்றும் இருக்கிறது. ஹவாயின் மோலோகாய் தீவுக்கு 1868இல் போன அதே புள்ளிமான் இன்று மாவி தீவில் பல்லாயிரமாகப் பெருகித் தோட்டங்களை மேய்கிறது. டெக்சாஸுக்கு 1932இல் போனதும் அதேதான். விக்டோரியாவின் சட்டம் புள்ளிமானுக்குக் குறைந்தது 0.243 அங்குலக் குழலும் 5.18 கிராம் தோட்டாவும், கடமானுக்குக் குறைந்தது 0.270 அங்குலமும் 8.4 கிராமும் வேண்டும் என்கிறது. நம் கடமானின் உடல் எடையையும் தோலின் தடிப்பையும் ஒரு வெளிநாட்டுச் சட்டம் இவ்வளவு கவனமாக எண்ணிப் பார்த்திருக்கிறது.

இங்கிலாந்துக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1991ஆம் ஆண்டின் மான் சட்டம் குறைந்தது 0.240 அங்குலமும், குழல்வாயில் 2,305 ஜூலும் கேட்கிறது. கேளையாடு போன்ற சின்ன மான்களுக்கு இதைவிடக் குறைவு. ஜெர்மனியில் சின்ன ரோ மானுக்கு 1,000 ஜூல். பெரிய மான்களுக்கு 2,000 ஜூல், குழல் 6.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆனால் ஜெர்மானியர்கள் ஆற்றலை அளப்பது குழல்வாயில் இல்லை, நூறு மீட்டர் தள்ளி. இந்த வேறுபாடு சின்னது போலத் தோன்றினாலும் ஜெர்மனியின் முறையே சரியானது. தோட்டா கிளம்பும் இடத்தில் மான் நிற்பதில்லை. வழியில் காற்று எவ்வளவு பறித்துக்கொள்ளும் என்பதை ராபின்ஸ் கடலூருக்கு வருவதற்கு முன்பே அளந்து சொல்லிவிட்டார்.

இந்தியாவில் தோட்டாவின் அளவை மான் தீர்மானிக்கவில்லை. அரசாங்கத்தின் பயம் தீர்மானித்தது. 1857 கலகத்துக்குப் பிறகு, இந்தியர் ஆயுதம் வைத்திருப்பதைக் கண்டாலே ஆங்கிலேயர் அஞ்சினார்கள். 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. ராணுவத்தின் தோட்டா பொதுமக்களின் துப்பாக்கியில் பொருந்தக் கூடாது என்பது அவர்களின் கொள்கை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 0.450 காலிபரை இந்தியாவில் தடை செய்ததும், லண்டன் துப்பாக்கி நிறுவனங்கள் அவசர அவசரமாக 0.470, 0.465 என்று புதிய அளவுகளைக் கொண்டுவந்தன. போலீஸ் கையில் ‘த்ரீ நாட் த்ரீ’ இருந்ததால் உரிமம் பெற்ற குடிமகனுக்கு 0.303 இல்லை, அதற்குப் பதிலாகவே 0.315 இங்கே புழக்கத்துக்கு வந்து, சுதந்திரத்துக்குப் பிறகும் அரசு ஆலைகளில் உற்பத்தியானது. தோட்டா யார் கையில் இருக்கிறது என்றுதான் எல்லாரும் பார்த்தார்கள்.

வேட்டையை நெறிப்படுத்தும் முயற்சி தமிழ்நாட்டில் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. நீலகிரியில் 1877இல் வேட்டைச் சங்கம் ஒன்று உருவாயிற்று. 1879இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் சட்டம் வந்தது. எந்தக் காலத்தில் வேட்டையாடலாம், எப்போது கூடாது என்று காலம் வகுத்தார்கள். இன்னும் பழைய கதை தாம்பரத்துக்குத் தெற்கே இருக்கிறது. வேடர் தாங்கல் என்றே பெயர் கொண்ட வேடந்தாங்கலில், ஏரியில் கூடு கட்டும் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவதைப் பொறுக்காமல் ஊர்க்காரர்கள் முறையிட, செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் 1798 வாக்கில் அவர்களுக்கு உரிமைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். வேடர் பெயரைத் தாங்கிய ஊரே துப்பாக்கிக்கு எதிராக நின்றது என்பது பெருமையான செய்தி.

அதற்கும் முன்னால், கற்காலத்தில்? 1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது. கையடக்கமான அந்தக் குவார்ட்சைட் கருவி, இறைச்சியை அறுக்கவும் எலும்பை உடைக்கவும் ஏற்றது. அந்தக் காலத்து மனிதன் தான் சாய்த்த விலங்கின் கண்ணைப் பார்க்கும் தூரத்தில் நின்றிருப்பான். வில் வந்தபோது தூரம் கூடியது. ரைபிள் அதை நூறு, இருநூறு மீட்டராக்கியது. 7 மில்லிமீட்டர் தோட்டா நூறு மீட்டரில் எட்டு சென்டிமீட்டர் கீழே இறங்கும். இருநூறில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைய. தூரம் கூடக் கூடத் தவறும் கூடும். அந்தத் தவறின் வலி சுடுபவர் கண்ணுக்குத் தெரியாமலே போகும்.

நாட்டுத் துப்பாக்கியில் இந்தத் தவறு விதியாகவே இருக்கிறது. கரிமருந்தைக் குழல்வாய் வழியே போட்டு, துணி திணித்து, ஈய ரவையோ பால்ரஸ் குண்டுகளோ கொட்டிக் கெட்டிக்கும் துப்பாக்கி அது. உள்ளே சுருள் வரி கிடையாது. ஆறு மில்லிமீட்டர் எஃகுக் குண்டு ஒன்று ஒரு கிராம்கூட வராது. நொடிக்கு முந்நூறு மீட்டர் வேகத்தில் பட்டாலும் நாற்பது ஜூல். வேகப்பந்து வீச்சாளர் எறியும் கிரிக்கெட் பந்தில் அதைவிட அதிகம் இருக்கிறது. உருண்டை என்பதால் போகப் போகக் காற்று அதையும் பறித்துக்கொள்ளும். நாலைந்து குண்டுகள் சிதறிப் போய்த் தோலைத் துளைக்கும், வயிற்றில் தங்கும், காலை முறிக்கும். நெஞ்சின் ஆழத்துக்குப் போவது அரிது. மானுக்கு இதைவிடக் கொடிய கருவியைக் கண்டுபிடிப்பது கடினம்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வேட்டை உரிமங்களுக்கு இடம் வைத்திருந்தது. 1991 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. ஆகவே இந்தியாவில் மானுக்கு ஏற்ற தோட்டா எது என்ற கேள்விக்குச் சட்டத்தின் பதில் எளியது: எதுவும் இல்லை. ஆனால் கேள்வி முழுவதும் மறைந்துவிடவில்லை. 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு, காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று அறிவித்தது. அந்தத் துப்பாக்கியில் எந்தத் தோட்டா, யார் கையில், எத்தனை மீட்டரில் என்பதைப் பன்றிக்காகவும் யாராவது உட்கார்ந்து எண்ண வேண்டும்.

மானைப் பொறுத்தவரை நம் ஊரில் மிச்சம் இருப்பது மயக்க ஊசி. அதுவும் சட்டத்தின் கண்ணில் லேசான காரியம் இல்லை. ‘வேட்டை’ என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கத்தில் விலங்கை உயிரோடு பிடிப்பதும் அடங்கும். ஆகவே கிண்டியிலிருந்து தப்பிவந்த மானுக்கு ஊசி போடவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அதிகாரம் வேண்டும்.

ஊசித் துப்பாக்கியை உருவாக்கியவர் நியூஸிலாந்தின் காலின் மர்டாக். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் சிரிஞ்சுக்குக் காப்புரிமை பெற்றவரும் அவரே. மயக்க ஊசியின் கணக்கு தோட்டாவின் கணக்குக்கு அப்படியே தலைகீழ். குழல் 11 அல்லது 13 மில்லிமீட்டர், பெரும்பாலான வேட்டை ரைபிள்களைவிடப் பெரிது. சுமார் 10 கிராம் எடையுள்ள ஊசி நொடிக்கு 60 மீட்டரில் போனால் ஆற்றல் 18 ஜூல்தான். தோட்டாவுக்கு நெஞ்சு இலக்கு. ஊசி நெஞ்சின் பக்கமே போகக் கூடாது, தொடையின் தடித்த தசைக்குத்தான் போக வேண்டும். வேகம் குறைவென்பதால் முப்பது மீட்டர் போவதற்குள் ஊசி ஒன்றே கால் மீட்டர் கீழே விழும். இருபத்தைந்து மீட்டரை முப்பது என்று கண் தப்பாகக் கணித்தால் குறி வெகுவாக விலகிவிடும். துப்பாக்கியோடு நிற்கும் மருத்துவர் திரும்பத் திரும்பத் தூரத்தை அளப்பது இதற்காகத்தான்.

ஊசி சரியாகப் பட்டாலும் கதை அங்கே முடியாது. மியூனிக் நகர ஹெல்லாப்ரூன் விலங்குக்காட்சிச்சாலையின் பெயரால் அழைக்கப்படும் சைலசின்-கெட்டமின் கலவை, மான்களுக்கு உலகெங்கும் பயன்படுவது. மருந்து வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும். அந்த நிமிடங்களில் பயந்த மான் ஜி.எஸ்.டி. சாலைக்கே ஓடிவிடலாம். கூச்சலும் துரத்தலும் கூடினால் மானின் உடல் சூடேறும், தசைகள் அமிலத்தில் மூழ்கிச் சிதையும், அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைக்கும். ஊசி போட்ட அன்று எழுந்து நடந்த மான் இரண்டு நாள் கழித்துச் செத்துக் கிடக்கும். பிடிபட்ட விலங்குகளில் இதைத் தசைச் சிதைவு நோய் என்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் புள்ளிமான்களைக் கூட்டமாக இடம் மாற்ற, ஊசியே போடாமல் திரைகட்டிய புனல்போன்ற பாதையில் மெல்ல நடத்திச் செல்லும் ‘போமா’ முறையைக் கையாளுகிறார்கள். சென்னையின் மே மாத வெயிலில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு மானைத் துரத்துவதைவிட, கூட்டத்தை விலக்கி, நாய்களைக் கட்டிவைத்து, காட்டுப் பக்கக் கதவைத் திறந்து வைத்துவிட்டு இருட்டும்வரை காத்திருப்பது எத்தனையோ மேல்.

ஆனாலும் வேறு வழியே இல்லாத நாட்கள் உண்டு. அப்போது மான் தள்ளாடி மடங்கியதும் முதலில் அதன் கண்களை ஈரத் துணியால் மூடுவார்கள். அசை போடும் விலங்கு என்பதால் பக்கவாட்டில் சாயவிடாமல், நெஞ்சு தரையில் படியும்படி உட்கார வைப்பார்கள். உடல் சூட்டை அளந்து, கூடியிருந்தால் தண்ணீர் ஊற்றுவார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சை எண்ணிக்கொண்டிருப்பார். பெட்டிக்குள் ஏற்றியபின், ஆப்பிரிக்க மரப்பட்டையிலிருந்து கிடைக்கும் யோகிம்பின் என்ற மாற்று மருந்து ரத்த நாளத்தில் ஏறும். முதலில் ஒரு காது அசையும். பிறகு தலை நிமிரும்.

அதற்குள் இன்னொருவர் டார்ச் லைட்டோடு வேலியோரப் புதரில் குனிந்து தேடிக்கொண்டிருப்பார். முதலில் போட்ட ஊசி குறி தவறியிருந்தால் அது மருந்தோடு அங்கேதான் எங்கோ கிடக்கிறது. காலையில் குழந்தைகள் கிரிக்கெட் ஆட வரும் இடம். ரோஜா நிறக் குஞ்சம் அதற்காகத்தான். இலைச்சருகுக்கு நடுவே அது கண்ணில் படும்வரை யாரும் வண்டியைக் கிளப்ப மாட்டார்கள்.